பின்னாடி கீறான்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எங்கள் கேம் அணியின் தலைவன் கார்த்திக்குக்குத் திமிர். குமணன்சாவடி அடுக்குமாடியில் இருக்கிறான். நான் பேசும் தமிழ் அவனுக்குக் கேவலமாம்.

இன்று ஆன்லைனில் இறுதி ஆட்டம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "மச்சான், நா ரெடியா கீறேன்" என்றேன்.

"லோகு, மைக்ல ஒழுங்கா பேசு. இல்லன்னா மியூட் பண்ணிடுவேன்."

"இன்னா மாமே, நான் இன்னா ரேடியோல நியூஸா படிக்கிறேன்?"

அணியின் மற்ற இருவர், சேகரும் பாபுவும், சிரித்தார்கள். கார்த்திக் தன் காதில் என் குரல் விழாதபடி மியூட் செய்துவிட்டான்.

கடைசிச் சுற்றில் எதிரணி ஆள் ஒருவன் கார்த்திக்கின் முதுகுக்கு நேராக வந்தான். "பின்னாடி கீறான், திரும்புடா!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "யாருடா பின்னாடி கீறான்?" கார்த்திக் மட்டும் திரும்பவில்லை. முதல் ஆளாக அவுட்.

மிச்சமிருந்த எங்கள் மூவருக்கும் காது கேட்டது. நான் "லெஃப்ட்ல வர்றான், குனி" என்றால் குனிந்தார்கள். ஜெயித்துவிட்டோம்! பாபு மைக்கிலேயே விசில் அடித்தான்.

இப்போது கார்த்திக் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம டீம் மாஸ்' என்று போட்டிருக்கிறான். நம்ம டீமாம். நானும் எழுதினேன்: 'இனிமே லோகுவ மியூட் பண்ண மாட்டேன்னு மைக்ல சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்.'

பார்த்துவிட்டான். டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறான்.