உறங்கும் கிழங்குக்கு நீர்க்கடன் நிறுத்தக் கட்டளை

வெயிலும் நுழையத் தயங்கும் வேங்கைச் சோலையும், வாய் ஓயாத அமைச்சும் ஒருங்கே உடைய கூதிர்க்கோட்டம் தழைக்க! அக்கோட்டத்தின் சொற்கடல், நீதிமலை, முத்துச்சிவிகை பெற்ற முதலமைச்சர் காரிநம்பியார் காண, எல்லைப் பாசறையிலிருந்து அரசி எயினங்கோதைத் தேவியார் அருளிய ஓலை.

அங்கே குடிகளும் யானைகளும் நலமென்று தூதர் சொல்லக் கேட்டுத் தேவியார் மகிழ்ந்தார். அடுத்துச் சொன்னதைக் கேட்டு மகிழவில்லை.

யவனர் சைக்ளமென் என்றும் நம்மவர் தலைகவிழ்பூ என்றும் சொல்லும் கிழங்குச்செடி ஒன்றைத் தேவியார் விதையிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வேங்கை நிழலில் தம் கையாலேயே நட்டு வளர்த்தார். கோடையில் இலையெல்லாம் மறைந்தது. அரண்மனை வளாகத்தில் எவ்வுயிர் மாண்டாலும் அவ்விடத்தில் நாள்தோறும் நீர்க்கடன் செய்வது கோட்டத்து வழக்கம் ஆகையால், வெறுந்தரையைக் கண்ட அமைச்சர் வெள்ளுடை தரித்தாராம். புலவர்கள் இரங்கற்பா பாடினராம். காலையும் மாலையும் குடங்குடமாய் நீர் வார்க்கிறார்களாம்.

அது உறக்கமாய் இருக்கலாகாதோ என்று தூதர் பணிந்து கேட்க, இலையற்றது எங்ஙனம் உயிரோடிருக்கும் என்று அமைச்சர் நகைத்தாராம். தேவியாரின் விடை இது: உண்டபின் அவையில் அமைச்சரும் கண்மூடிச் சாய்ந்தே இருக்கிறார், அவரை எவரும் பாடையில் ஏற்றியதில்லை.

அக்கிழங்கு கோடை முழுதும் காய்ந்த மண்ணில் உறங்கும். குளிர்மழை தொடங்கியதும் இலைக்கு முன்னே பூவை நீட்டி எழும். இடையில் ஈரம் தங்கினால் அழுகிப்போகும். ஆக, சாகாத ஒன்றுக்குச் செய்யும் சடங்கே அதைச் சாகடித்துக்கொண்டிருக்கிறது.

ஆதலால் ஓலை கண்ட கணமே நீர் வார்ப்பதை நிறுத்தி, வெறுங்குடங்களைக் கவிழ்த்து வைக்க. நனைந்த மேல்மண்ணை மெல்ல வழித்தெடுத்து, ஆற்றுமணலும் உலர்ந்த இலைமக்கும் மெலிதாய்த் தூவுக. மண் காயட்டும் என்று வேங்கையில் ஒரு கிளையும் வெட்டற்க. விதை தூக்கிச் செல்லும் எறும்புகளுக்கு வழிவிடுக. சோலையில் இன்று உருப்படியாய் வேலை செய்வன அவை மட்டுமே. புலவர்கள் தத்தம் இல்லம் ஏகுக.

தேவியார் விடியலில் புறப்படுகிறார். எல்லையில் பகைவன் காத்திருப்பான், ஈரம் காத்திராது. வந்ததும் அரண்மனைக்குள் புகாமல் நேரே சோலையில் இறங்கி, மண்ணைக் கீறி, கிழங்கைத் தம் விரலால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியாய் இருந்தால் அமைச்சர் துக்கம் கலைக்கலாம். குழைந்திருந்தால், புதுவிதையை அமைச்சரே ஊன்றி, அதில் முதற்பூ விரியும் ஆண்டுவரை அந்த நிழலிலேயே அமர்ந்து அரசுக்காரியம் பார்ப்பார்.

இது தேவியார் அரக்கு முத்திரையிட்டு விடுத்த ஆணை. மறுமொழி ஓலை வேண்டா. மண் காய்ந்தால் போதும்.