டீயில் இரண்டு சொட்டு

கிளெமெண்ட்,

கறியும் அதன்மேல் பரப்பிய மசித்த உருளைக்கிழங்கும் ஓவனில் இருக்கின்றன. நாலு மணிக்கு உன் அக்கா ஹெஸ்டர் வருவாள். சாவி பூந்தொட்டிக்கு அடியில். அவளுக்கு நீயே டீ போட்டுக் கொடு. நான் இனி இந்த வீட்டில் யார் போட்ட டீயையும் குடிப்பதாக இல்லை.

காலையில் என் கோப்பையில் நீ சொட்டு விட்டதைப் பார்த்தேன். மூன்று வாரமாக நடக்கிறதாமே! "ஹாலிப் பூ மருந்துதான் நெரிஸ், உன் கோபம் தணியும்னு அக்கா குடுத்தா. வெறும் பூவும் தண்ணியும்" என்றாய். சீசாவைத் திருப்பிப் பார்த்தாயா? பூச்சாறு கெடாமலிருக்கப் பிராந்தியில் கலந்திருக்கிறார்கள். பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

பிராந்தி, கிளெமெண்ட்! நான் குடியை விட்டு ஒன்பது வருஷம். பிராந்தி ஊற்றியிருப்பார்கள் என்று கிறிஸ்துமஸ் புட்டிங்கைக்கூடத் தொடாதவள்.

என் கோபத்துக்கு என்ன பூ என்று அக்காவிடம் கேட்டாய். எதற்குக் கோபம் என்று என்னிடம் கேட்டாயா? மாடி அறையை ஹெஸ்டருக்குத் தருவதாக என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தாயே, அதற்குத்தான்.

பி.கு.: உருளைக்கிழங்கு ஓரம் முறுகினால்தானே உனக்குப் பிடிக்கும். பத்து நிமிஷம் கூட வை.

இன்னொன்று: சர்ச் கூடத்தில் எங்கள் கூட்டத்துக்குத்தான் போகிறேன். குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். நான் என்ன சொல்ல? ஒன்பது வருஷமா, ஒரு நாள்கூட இல்லையா? என்னைக் கடைசியாகக் கூப்பிடச் சொல்லப்போகிறேன். ஆறு மணிக்கு வந்து வழக்கம்போல காரிலேயே உட்கார்ந்திருக்காதே. உள்ளே வா. என் முறை வரும்போது எத்தனை நாள் என்று நீ எழுந்து சொல்.