மெக்கா என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

20.05.2025, செவ்வாய்

புழுக்கம். பத்தாம் ஆண்டுக்குப் பாடம் இன்றும் முடியவில்லை. இடைவேளையில் நிறஞ்சனா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கணிதம், எனக்கு ஆங்கிலம்.

"பர்வின், இங்கிலீசில சும்மா இடங்களையும் மெக்கா எண்டு எழுதுகினமே, அதென்ன?"

ஏதோ ஒன்றின் மேல் ஆசைப்பட்டவர்கள் தேடித் தேடிப் போகிற இடத்தை அப்படிச் சொல்வார்கள் என்றேன். அலைச் சறுக்குக்காரரின் மெக்கா, சாப்பாட்டுப் பிரியரின் மெக்கா. சின்ன எழுத்தில் தொடங்கி எழுதுவதும் உண்டு. அகராதியில் இருக்கிறது.

"ஆனா எங்கட ஆக்களுக்கு நோகும். அதுவும் குடிக்கிற இடம், சூதாடுற இடத்துக்கெல்லாம் போட்டா... அதாலதான் சவூதிக்காரர் ஆங்கிலத்திலயும் மக்கா எண்டே எழுதச் சொன்னவை."

அவள் தலையாட்டினாள். "ஓம், சாராயக் கடைக்கு எங்கட மடு மாதா கோயில்ர பேரை வைச்சா எங்களுக்கும் அப்பிடித்தானே இருக்கும்."

13.06.2025, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஸஜாத் தொப்பியைக் கழற்றாமல் அப்படியே இருந்தார். கடற்கரை வீதியில் நிறஞ்சனாவின் தம்பி அனிஸ்ரன் புது ஹோட்டல் திறந்திருக்கிறான். முன்னுக்கு ஒரு மதுபான பார். மேலே ஆங்கிலத்தில் பெரிய போர்ட்: முல்லைத்தீவின் பியர் மெக்கா.

பள்ளிவாசலிலிருந்து நாலைந்து பேர் போய்க் கேட்டார்களாம். "பர்வின் ரீச்சரிட்டக் கேட்டுத்தான் வைச்சனாங்கள். பிழையில்லை எண்டு சொன்னவவாம்" என்றானாம்.

"சொன்னனீயா?" என்றார் ஸஜாத். என் கணவர். அவருக்கே கேட்க வேண்டியிருந்தது.

14.06.2025

உம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை. போன வருடம்தான் மக்காவுக்கு உம்றா போய்வந்தவ. "கஃபாவைக் கண்டதும் உனக்குத்தான் முதல் துஆ கேட்டனான்" என்றதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா.

நிறஞ்சனா போன் எடுக்கிறாளில்லை. ஏன்டி? என்னட்ட என்ன குறை கண்டனீ? இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது காணி காடாய்க் கிடந்தது. அவள் வீட்டு அறையில்தான் உம்மாவும் நானும் இருந்தோம். தொழ இடம் காணாது என்று தன் அலுமாரியை வெளியே தூக்கி வைத்தவள் அவள். அவளா?

15.06.2025, ஞாயிறு

ஸஜாத்தோடு ஹோட்டலுக்குப் போனேன். அன்று சொன்னது முழுவதையும் அனிஸ்ரனிடம் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"உந்த மிச்சக் கதையை அக்கா எனக்குச் சொல்லேல்லை, ரீச்சர்."

குசினிக்குள் நின்ற நிறஞ்சனா வெளியே வந்தாள்.

"சொல்லியிருந்தா இவன் வைச்சிருக்க மாட்டான். ரூரிஸ்ட் ஆக்களுக்குப் பிடிக்கிற பேர் எண்டு நினைச்சன்."

"என்ர பேரை ஏன் இழுத்தனீ?"

"உன்ர பேரைச் சொன்னாப் பள்ளிக்காரர் பேசாமப் போயிடுவினம் எண்டு... நீ என்னோட கோவிக்க மாட்டாய் எண்டும் தெரியும்."

தெரியுமாம். ஸஜாத்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

17.06.2025

அனிஸ்ரன் தானே ஏணி வைத்து ஏறிப் போர்டைக் கழற்றினான். பின்னேரம் பள்ளிவாசலுக்குப் போய் மன்னிப்பும் கேட்டான். உம்மா ஒரு பிடி சோறு சாப்பிட்டா. எல்லாம் முடிந்தது என்கிறார்கள்.

19.06.2025

முடியவில்லை.

30.06.2025, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டபோது கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நிறஞ்சனா ஸ்கூட்டியை என் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஏறன், கொண்டுபோய் விடுறன்."

"இல்லை, நீங்கள் போங்கோ. அவர் வருவார்."

இத்தனை வருடமாக நீ என்று கூப்பிட்டவளை. அவளுக்கும் அது விளங்கியது. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஸஜாத் சாமான் ஏற்ற ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தார். வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன்.