நெட்டை குனிந்தால் நான் தெரிவேன்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் நீ ராஜினாமா எழுதி வைத்திருக்கிறாய், இன்னும் கொடுக்கவில்லை. இதைச் சொன்னவன் உன் தம்பி. ஒருவர் பேச்சை மட்டும் வைத்து எழுதிப் பழக்கமில்லை என்பதால் மாப்பிள்ளையிடமும் கேட்டேன். "ஆமா அத்தை, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டேன், அவரைத் திட்டாதே.

காரணத்தையும் அவரே சொன்னார். பாலத்தின் வரைபடம் உன்னுடையது, கூட்டத்தில் விளக்குவதும் நீ, ஆனால் வந்தவர்கள் சந்தேகத்தை உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் ஜூனியரிடம்தான் கேட்கிறார்களாம். உன்னிடம் கேட்பது காபி எங்கே என்று. போன கூட்டத்தில் உன் மேலதிகாரி, "பரவாயில்லையே, கணக்கெல்லாம் நீயேவா போட்டே?" என்று எல்லார் முன்னாலும் சிரித்திருக்கிறார். நீ அதை போனில் சொன்னபோது அப்பா, "விடும்மா, தெரியாம சொல்லியிருப்பாங்க" என்றுவிட்டார். அதிலிருந்து நீ எங்களிடம் மழை, வெயில் மட்டும் பேசுகிறாய்.

எனக்கும் இது புதிதில்லை. பேட்டிக்குப் போனால் கேள்வி கேட்பது நான், அதிகாரிகள் பதில் சொல்வது எங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர் நெட்டையைப் பார்த்து. நெட்டை அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். பதில் தன் பக்கம் வந்ததுமே ஷூ நாடா கட்டக் குனிந்துவிடுவார், அப்புறம் அதிகாரிக்குப் பார்க்க என் முகம்தான் மிச்சம். ஒருமுறை வெளியே வந்து, "அக்கா, இன்னைக்கு ஆள் ரொம்ப நேரம் பேசிட்டார், எனக்கு இடுப்பே போச்சு" என்றார்.

செவ்வாய்க்கிழமை நெட்டை லீவு. குடிநீர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி என்னைப் பார்த்து, "உட்காருங்கம்மா, நிருபர் வந்ததும் ஆரம்பிச்சிடலாம்" என்றார். நான் பேனாவைத் திறந்து, "சார், இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். அவர் பேனாவையும் என்னையும் பார்த்தார். பிறகு, "அட, தமாஷுக்குச் சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைக்காதே. அதன்பின் எல்லாக் கேள்விக்கும் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வந்தது, செய்தி பாதியில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்தாலும் அலுப்பு, வாய் திறந்தாலும் அலுப்பு. எந்த அலுப்பை இன்று தாங்கலாம் என்று அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். "தெரியாம..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு, "இது அடிக்கடி நடக்குமா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்கிறார். "நடக்காத வாரம் எதுன்னு கேளுங்க, சொல்றேன்" என்றேன்.

வேலையை விடு, விடாதே என்று நான் சொல்லமாட்டேன், அங்கே உட்கார்ந்து தாங்குகிறவள் நீ. ஆனால் அந்த ஜூனியரிடம் நீ இதைப் பேசினாயா என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. கேள்வி தன் பக்கம் வருவது அந்த ஜூனியருக்குப் பிடித்திருக்கிறதா, நெட்டை மாதிரி குனியத் தெரியவில்லையா, கேட்டுப் பார். "அதை இவங்ககிட்டயே கேளுங்க" என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும், இடுப்பும் போகாது. மேலதிகாரி மறுபடி அப்படிச் சிரித்தால் இன்னொரு தடவை சொல்லச் சொல். முடியாத நாளில் பேசாமல் இருந்துவிடு, அதற்காக உன்னையே திட்டிக்கொள்ளாதே.

எந்த முடிவெடுத்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசியும். பாதியில் விட்ட இருமல் மருந்தை முடித்துவிடு. அடுத்த கூட்டம் இருபதாம் தேதி என்று, பெயர் வெளியிட விரும்பாத அதே வட்டாரம் தெரிவிக்கிறது. அதற்குள் ராஜினாமாவைக் கொடுத்திருப்பாயா, இல்லையா, எனக்கு உறுதியாகவில்லை. அன்று மாலை அப்பாவே உன்னைக் கூப்பிடுவார். "என்னன்னு பேச்சை ஆரம்பிக்கிறது?" என்று இப்போதே என்னைக் கேட்கிறார். "என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, அவ முடிக்கிறவரைக்கும் நடுவுல பேசாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். முடியுமா அவரால் என்பது இருபதாம் தேதி மாலைதான் தெரியும்.

அன்புடன்,
அம்மா