நான் காலியா விட்ட கட்டம்

பெல் ஹாலோ, மிசௌரி
ஜூன் 9

கர்த்தருக்குள் பிரியமான மகள் தீர்சாவுக்கு, அம்மா எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். நீயும் மாப்பிள்ளை ஹோகனும் சௌக்கியமான்னு கேக்க வாய் வரல. சாப்பிடுறியா, படுத்தா கண்ணு மூடுதா, அதை மட்டும் எழுது.

ஹோகன் அனுப்பின கவர் சனிக்கிழமை வந்துச்சு. அடக்கத்தன்னிக்கு எடுத்த போட்டோவுல அந்தச் சின்னப் பெட்டி மேல நீ வச்ச நீலத் தொப்பியைப் பாத்தேன், நான் பின்னி அனுப்பினதுதானே அது. குழந்தைக்குப் பெரிசா இருக்கும்னு நினைச்சேன், போட்டுக்கிட்டாளா? போன்ல நீ ஒண்ணே ஒண்ணு கேட்டே. மூணு மாசம் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேனே, ஏம்மா வரலன்னு. அப்ப உங்கப்பா அடுப்பு பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தார், என்னால பதில் சொல்ல முடியல. நீ, இனிமே வராதீங்க, வந்து யாரைப் பாக்கப் போறீங்கன்னு சொல்லி வச்சுட்டே. அதுல தப்பே இல்ல. ஆனா நடந்ததை நீ என் வாயால தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

பிப்ரவரியில, குழந்தை சுன்னிவாவுக்கு ரத்தத்துல வந்த வியாதி மருந்துக்குக் கட்டுப்படலன்னு நீ சொன்ன மறுநாள் காலையில போகலாம் வெர்லான்னு முதல்ல சொன்னது உங்கப்பாதான். கடல் தாண்டி உன்கிட்ட வர பாஸ்போர்ட் வேணுமே, அதுக்கு எழுதிக் குடுக்க கவுண்டி ஆபீசுக்கு எங்க கல்யாணக் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தார், பட்டன் பூட்டல, அப்படியே வந்தார். அங்க பாஸ்போர்ட் வேலை பாக்கிறது நம்ம டார்லா, என்கூட படிச்சவ, உனக்குப் பண்ணிக் குடுத்ததும் அவதான். உங்கப்பாவோட விண்ணப்பப் பாரத்தை வாங்கிப் பாத்துட்டு, ஆர்வல், இந்தக் கட்டத்தை விட்டுட்டியேன்னா. எந்தக் கட்டம்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. அரசாங்கம் ஆளாளுக்குக் குடுக்கிற அந்த நம்பர், கடைசிக் காலத்துல சாத்தானோட ஆளுங்க மேல குத்துவாங்கன்னு வேதம் சொல்ற மிருகத்தோட முத்திரைக்குப் போடுற முதல் படின்னு உங்கப்பா நம்புறார், அந்த நம்பிக்கையிலதான் உன்னை வீட்டிலேயே பெத்து, நம்பர் இல்லாமலே வளத்தோம். தெய்வத்துக்கு முன்னால என் மனசாட்சி இடம் குடுக்கல, அதனால எழுதலன்னு ஒரு தாள்ல எழுதி அவர் பாரத்தோட சேத்து வச்சிருந்தார். டார்லா நல்ல மனசுலதான் சொன்னா, இதுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு நம்பரே குடுக்கப்படலன்னு சத்தியம் பண்ணி கையெழுத்துப் போடு, உன் மகளும் அப்படித்தான் வாங்கினான்னு. உங்கப்பா சொன்னார், அவ போட்டது நிஜம், அவளுக்குக் குடுக்கவே இல்ல, எனக்குப் பதினேழு வயசுல மரமில் வேலையில குடுத்தாங்க, நான் திருப்பி அனுப்பினேன், ஆனா குடுத்தது குடுத்ததுதான்னு. யாரு போய்த் தேடப் போறாங்க ஆர்வல்னு டார்லா கேட்டா. கேக்கிறவங்க ஏமாறலாம் டார்லா, சத்தியத்துக்குச் சாட்சியா நிக்கிறவர் ஏமாற மாட்டாரேன்னு சொல்லிட்டு தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டார். பொய் சொல்லியிருந்தா ஏப்ரல்ல உன் வாசல்ல நின்னிருப்போம். அவர்மேல கோபப்படு, ஆனா இதையும் தெரிஞ்சுக்கிட்டு கோபப்படு.

டார்லா எங்க ரெண்டு பாரத்தையும் அப்படியே அனுப்பி வச்சா; ஏப்ரல்ல பாஸ்போர்ட் ஆபீசுல இருந்து கடிதம் வந்துச்சு, நம்பரை அனுப்புங்க, இல்லன்னா தர முடியாதுன்னு. உங்கப்பா நாலு பக்கம் பதில் எழுதினார். மறுபடியும் அதே கடிதம்தான் வந்துச்சு. இனி நான் சொல்லப்போறதுதான் எனக்குக் கஷ்டம். நானும் என் பாரத்துல அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருந்தேன் தீர்சா. எனக்கும் நம்பர் உண்டு, முட்டைப் பண்ணையில வேலைக்குச் சேக்க எங்கப்பா வாங்கிக் குடுத்தது. கல்யாணத்துக்கு அப்புறம் உங்கப்பாகூட ஓடையில ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு அந்த அட்டையை அடுப்புல போட்டேன். அட்டை எரிஞ்சுச்சு, நம்பர் எரியல, வேத வசனம் மாதிரி இன்னிக்கும் ஒப்பிப்பேன். உங்கப்பா என்னைத் தடுத்தார்னு நீ நினைப்பே. அவர் ஒரு வார்த்தை சொல்லல. பயந்தது நான். முப்பத்தாறு வருஷமா காத்து வச்சதை என் கையாலயே கெடுத்துட்டா, குழந்தையைக் காப்பாத்தச் சொல்லி எந்த முகத்தோட ஜெபம் பண்ணுவேன்னு நினைச்சேன். அந்தக் கட்டத்தைக் காலியா வச்சிருந்தா கர்த்தர் அதுக்காகவாவது அவளை விட்டு வைப்பார்னு உள்ளுக்குள்ள ஒரு பேரம். அப்படிப் பேரம் பேசுறது விசுவாசம் இல்லன்னு இப்பப் புரியுது.

மே மாசம் நீ கூப்பிட்டு, இனி நாள் கணக்குதாம்மான்னு சொன்னியே, போனை வச்சதும் உங்கப்பாகிட்ட சொன்னேன், நான் எழுதப் போறேன்னு. அவர் தட்டுல இருந்த சோள ரொட்டியைத் தள்ளி வச்சார். எழுதுன்னும் சொல்லல, எழுதாதேன்னும் சொல்லல. எந்திரிச்சுப் போய் டிரக்கை ஸ்டார்ட் பண்ணினார். நாப்பது மைல் ஓட்டினார். ஆபீசுக்கு உள்ள வரல. டார்லா நம்பர் கேட்டதும் பாக்காமலே சொல்லிட்டேன். அவ உங்க ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் வச்சு, அவசரம்னு எழுதி, அன்னைக்கே அனுப்பி வச்சா. திரும்பி வந்து டிரக்குல ஏறினப்ப உங்கப்பா கண்ணு செவந்திருந்துச்சு. கதவை நல்லா சாத்துன்னு மட்டும் சொன்னார்.

பாஸ்போர்ட் வியாழக்கிழமை வந்துச்சு. சுன்னிவா செவ்வாய்க்கிழமையே போயிட்டா. தபால் பெட்டியில இருந்து அதை உங்கப்பாதான் எடுத்துட்டு வந்தார், ரெண்டு கையிலயும் ஏந்தி, மேசையில வச்சுட்டு நேரா மாட்டுக் கொட்டகைக்குப் போயிட்டார். நான் அதைத் திறக்கவே இல்ல.

நான் நம்பர் குடுத்த விஷயம் சபைக்கும் தெரிஞ்சு போச்சு. மூப்பர் லெமுவேல் வந்து, நான் எல்லார் முன்னாலயும் நின்னு தப்புன்னு சொல்லணும், அதுவரைக்கும் திருவிருந்து எடுக்கக் கூடாதுன்னார். குழந்தைக்காகச் செஞ்சது ஐயா, தப்புன்னு சொன்னா அது பொய்யாயிடுமேன்னு நான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை கடைசி பெஞ்சில உக்காந்தேன். உங்கப்பா முப்பது வருஷமா உக்கார்ற முன் வரிசையை விட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தார். திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் வந்தப்ப அவரும் எடுக்காம அடுத்த ஆளுக்குத் தள்ளி விட்டார். ஏங்கன்னு கேட்டேன். டிரக்கை ஓட்டினது யாருன்னார்.

நீ வர வேண்டாம்னு சொன்னாலும் நான் வரேன் தீர்சா. இருபத்திரெண்டாம் தேதி விமானம். யாரைப் பாக்கன்னு கேட்டியே. என் மகளைப் பாக்க. உன்னைப் பாத்து ஏழு வருஷம் ஆச்சு. கதவைத் திறக்க மனசு வரலன்னா படியில உக்காந்திருக்கேன், மனசு வரும்போது திற. உங்கப்பா வரல. அந்தக் கட்டத்துல அவர் எழுத மாட்டார், இனி நானும் கேக்க மாட்டேன்.

இன்னொண்ணு. ஹோகன் அனுப்பின காகிதங்கள்ல குழந்தையோட மரணச் சான்று இருந்துச்சு. அவ பேருக்குப் பக்கத்துல பதினொரு இலக்க நம்பர் இருக்கிறதை உங்கப்பா பாத்துட்டார். இது என்னன்னு கேட்டார். அந்த ஊர்ல குழந்தை பொறந்த உடனே நம்பர் குடுத்துடுவாங்கன்னு சொன்னேன். நீ இத்தனை வருஷம் இதை அவர்கிட்ட ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டு போய் மறுபடியும் பாத்தார். நான் பயந்தேன். அப்புறம் சொன்னார், அதெல்லாம் அவளை ஒண்ணும் செய்யாது வெர்லா, கர்த்தர் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்னு. சொல்லிட்டு, பேரை எப்படிச் சொல்லணும், அவங்க ஊர்ல சொல்ற மாதிரி எனக்குச் சொல்லிக் குடுன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லிக் குடுத்தேன். கொட்டகையில பால் கறக்கும்போது தனியா சொல்லிப் பாக்கிறார். அடுத்த தடவை நீ கூப்பிட்டா அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசு, சரியா சொல்றாரான்னு பாரு.

நான் வர்ற வரைக்கும் அவ துணிமணிகளை எடுத்து மடிக்காதே கண்ணு, ரெண்டு பேருமா செய்யலாம். கஞ்சியாவது குடி. ஹோகன் பேசலன்னா விடு, ஆம்பளைங்க அழத் தெரியாம ஊமையாயிடுவாங்க, பக்கத்துல உக்காரு போதும். இழந்தவங்களைத் தாங்குற கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் தன் கைக்குள்ள வச்சுக்கட்டும்.

உன்னை நெஞ்சிலயே சுமக்கிற,
அம்மா
வெர்லா