மூன்று எங்கிருந்து வந்தது

எத்தாளை, கல்பிட்டி
2024.05.12

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். ஃபோனில் கதைத்தால் சண்டையில் முடிகிறது. அதனால் கட்டாருக்குத் திரும்பும் பாறூக் நானாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த முறை ஏ.எல். உயர்தரச் சோதனை எழுதப்போகிறேன், இணைந்த கணிதமும் சேர்த்து. உம்மா, "முப்பது வயசில என்ன படிப்பு புள்ள?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நீங்கள் அந்தப் பாடத்தில் ஏ எடுத்தவர், சொல்லுங்கள். (3x+1)⁵ ஐ வகையிட்டால் எனக்கு 5(3x+1)⁴ வருகிறது. புத்தகத்தில் 15(3x+1)⁴. அந்த மூன்று எங்கிருந்து வந்தது?

உங்கள்
முஃபீதா

தோஹா
2024.06.02

முஃபீதாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அது சங்கிலி விதி. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள அடுக்கை முதலில் வகையிடு. பிறகு உள்ளே இருக்கும் 3x+1 ஐ வகையிடு, மூன்று வரும். இரண்டையும் பெருக்கு. ஏன் என்று கேட்காதே, எங்களுக்குப் படிப்பித்த கணக்குச் சேரும் சொல்லவில்லை.

இந்த வயதில் உனக்கு எதற்குச் சோதனை? உன் புருஷன் நான் என்ன குறை வைத்தேன்? வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

ஸியாத்

எத்தாளை
2024.06.23

அன்புள்ள மச்சானுக்கு,

sin(x²) க்கு cos(2x) என்று எழுதினேன், பிழை. விடை 2x cos(x²). உள்ளே இருக்கும் x² ஐத்தான் வகையிட்டுவிட்டோமே, பிறகும் cos க்குள் அது ஏன் அப்படியே கிடக்கிறது? ஏன் பெருக்க வேண்டும், கூட்டினால் என்ன? தலை சுற்றுகிறது.

இரண்டு வருடம் என்று எப்போது முடிவெடுத்தீர்கள்? நவம்பரில் வந்து நிற்பதாகத்தானே சொன்னீர்கள்? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

முஃபீதா

தோஹா
2024.07.14

முஃபீதா,

உன் கடிதத்தில் எது கணக்கு, எது கோபம் என்று பிரிக்க முடியவில்லை. ஏன் பெருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை முழுக்கத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஏ எடுத்தவனுக்கு வரவில்லை.

உண்மையைச் சொன்னால், பயத்தில்தான் கையெழுத்து வைத்தேன். நீ படித்து உழைக்கத் தொடங்கினால் ஊரில் எனக்கு என்ன இடம்? என்னை விட்டு விலகத்தான் படிக்கிறாயா?

ஸியாத்

எத்தாளை
2024.08.04

அன்புள்ள மச்சானுக்கு,

கணக்கு விளங்கிவிட்டது. தம்பி மிஹ்லார் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டே, "மைலுக்கு அரை லீற்றர் குடிக்குது" என்று முணுமுணுத்தான். மணிக்கு எட்டு மைல் ஓடுமாம். அப்படியானால் மணிக்கு நாலு லீற்றர். எண்ணெய் தூரத்தைப் பொறுத்தது, தூரம் நேரத்தைப் பொறுத்தது. மைலுக்கு எவ்வளவு, மணிக்கு எத்தனை மைல், இரண்டையும் பெருக்கத்தானே வேண்டும்? கூட்டினால் வரும் எட்டரைக்கு அர்த்தமே இல்லை. மைலுக்கு எவ்வளவு என்பதை ஓடிய தூரத்தில் வைத்துத்தான் பார்க்கிறோம், அதனால்தான் cos க்குள்ளும் x² அப்படியே கிடக்கிறது. கரையில் நின்றே சிரித்துவிட்டேன். அவன் ஒன்றும் விளங்காமல் பார்த்தான்.

நீங்கள் எழுதியதுதான் விளங்கவில்லை. விலகவா? பாஸ் பண்ணினால் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு வைக்கலாம், அந்த உழைப்பில் நீங்கள் ஊருக்கே வந்துவிடலாம் என்றுதான் புத்தகத்தைத் தொட்டேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

இனிக் கணக்கை நான் பார்த்துக்கொள்வேன். வருவீர்களா, அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
முஃபீதா