கங்கையில் நீ விட்ட பாகற்காய்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டில் உனக்கு முதல் வருஷப் படையல். கருவாட்டுக் குழம்பு, முட்டை, வடை எல்லாம் வைத்து முடித்த பிறகு உன் தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு பீடியை எடுத்து இலை ஓரமாக வைத்தான். அதோடு விட்டானா? ஒன்றைப் பற்றவைத்து இலைக்குப் பக்கத்தில் சாய்த்தும் வைத்தான். "இது இல்லாட்டி அண்ணனுக்கு சோறு எறங்காது" என்றான். எல்லோரும் அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்து ஏரிக்கரையில் நின்றுகொண்டேன். உன்னைக் கொன்றதையே உனக்குப் படைப்பார்கள், நான் அதைக் கும்பிட வேண்டுமா?

உன் மேல் உள்ள கோபம் இந்த ஒரு வருஷத்தில் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

எழுபத்துமூன்று தை மாதம் என் அம்மாவின் அஸ்தியைக் கரைக்கக் காசிக்குக் கிளம்பினேன். அம்பத்தூர்ப் பட்டறையில் பத்து வருஷம் என் பக்கத்து லேத்தில் நின்றவன் நீ, துணைக்கு வருகிறேன் என்றாய். கிளம்புவதற்கு முதல் நாள் உன் மனைவி மேனாம்பேட்டில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, காசிக்குப் போனா புடிச்சது ஒண்ண கங்கையில வுட்டுட்டு வரணும், அப்பால ஆயுசுக்கும் தொடக்கூடாதுன்றாங்க இல்ல? அத்த வெச்சி இவர பீடிய வுட வைண்ணே. நெஞ்சு கர்ரு கர்ருன்னு இழுத்துகினே கீது. நீ சொன்னா கேப்பாரு."

நான் சொன்னால் நீ கேட்பாயாம்! பாவம், உன்னைக் கட்டிக்கொண்டு அவளுக்கு ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

ரயிலில் இரண்டு நாளும் உன்னிடம் மன்றாடினேன். நீ ஜன்னலுக்கு வெளியே புகையை ஊதிக்கொண்டே, "அவ்ளோ புனிதமான தண்ணில போய் பீடிய வுடறதா? கங்க தாங்காது மச்சான்" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்த பிறகுதான் இறங்கி வந்தாய். "சரி, நீ மாம்பழத்த வுடு. நான் பீடிய வுட்றேன்."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று உனக்குத் தெரியும். கோடை வந்தால் ஞாயிறு தவறாமல் குமணன்சாவடிக்கு சைக்கிள் மிதித்து, பங்கனபள்ளி வாங்கி, கடை வாசலிலேயே நின்று முழங்கை வழியத் தின்றவர்கள் நாம் இருவரும். மாம்பழம் இல்லாத வைகாசியை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சரி என்றேன். உன் நெஞ்சு இழுக்கிற சத்தம் லேத்துச் சத்தத்தையும் மீறி எனக்குத்தானே கேட்டது?

அஸ்தியைக் கரைத்தாயிற்று. குளிரில் பல் கிட்டியது. படித்துறையில் தமிழ் பேசுகிற சாஸ்திரி ஒருவர், பிடித்ததைச் சொல்லி முழுகச் சொன்னார். "உங்கம்மா காரியம், நீ மொதல்ல" என்று என்னைத் தள்ளிவிட்டாய். மாம்பழம் என்று சொல்லி முழுகி எழுந்தேன். அடுத்து நீ இறங்கினாய், கையைக் கூப்பினாய், கண்ணை மூடினாய்.

"பாகற்காய், சாமி."

"அது உமக்கு ரொம்பப் பிடிக்குமோ?" என்று கேட்டார் சாஸ்திரி.

"உசுரு சாமி!"

உன் டிபன் பாக்சில் பாகற்காய் வந்த நாளெல்லாம் அதை என் மூடியில் தள்ளிவிட்டவன் நீ. ஈர வேட்டியோடு படியிலேயே உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "வாயில வர்ல மச்சான். சத்தியமா வர்ல" என்றாய். அரைமணி நேரம் கழித்துத் தேடினால், படகுக்காரர்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு புகை விட்டுக்கொண்டிருந்தாய். அம்மாவை நினைத்து அழ வேண்டிய இடத்தில் உன்னைத் திட்டிக்கொண்டு நின்றேன். சென்ட்ரல் வந்து சேரும்வரை உன்னோடு பேசவில்லை.

அதன்பிறகு நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே! கல்யாணப் பந்தியில் பாகற்காய் வந்தால் கையை நீட்டித் தடுத்து, "காசில வுட்டுட்டேன்பா" என்பாய். கோடையில் ஒரு கூடை மாம்பழத்தோடு என் வீட்டுக்கு வருவாய். "நீ துன்னாத. கொழந்தைங்க துன்னட்டும்" என்று வைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவாய். என்னை வெறுப்பேற்றத்தான் வருகிறாய் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்காமல் நாலு வார்த்தை பேச முடியாத நிலையிலும் உனக்குக் கிண்டல்தான். "பாகற்காய வுட்டது தப்பு மச்சான். அது மருந்தாமே." நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்காவது உன்னை நன்றாகத் திட்டியிருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் நின்றேன் என்றேன் அல்லவா? சாப்பிடக் கூப்பிட உன் மனைவி வந்தாள். அவள் கையில் ஒரு மாம்பழம்.

"அவரோட அக்கா இத்த எலையில வெச்சிட்டாங்கண்ணே. நான் எடுத்துட்டேன். காசிலர்ந்து வந்ததுலேர்ந்து அவரு மாம்பழம் தொட்டதே இல்ல. 'அவன் என்னால துன்னாம கெடக்கறான், எனக்கு மட்டும் எப்டி எறங்கும்'னு சொல்வாரு. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு புள்ள தலமேல சத்தியம் வாங்கிகினாரு. அவரே போய்ட்டாரு, இனிமே இன்னா?"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரமும் வந்தது. நாலு கோடை! ஏண்டா, உன்னிடம் மாம்பழத்தையா கேட்டேன்?

இவனால் எதையும் விட முடியாது, இவன் சுபாவம் இவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினேன். உன் மனைவிக்கும் அதைத்தான் ஆறுதலாகச் சொன்னேன். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாய். உன்னால் முடிந்திருக்கிறது, மச்சான்.